கொக்குப்பாறை ரோப் கார் மனுவை வாபஸ் வாங்குவது சம்பந்தமாக

ஜப்பான்,
சனிக்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் விஸ்வநாதனுக்கு, அத்தான் கோமதிநாயகம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. சங்கரலிங்க சுவாமி கிருபையாலும் கோமதி அம்பாள் கடாட்சத்தாலும் இவ்விடம் நான், உன் அக்காள் நெல்லையம்மாள், மகள் மீனலோசினி மூவரும் உயிரோடு இருக்கிறோம். இதை க்ஷேமம் என்று எழுதலாமா கூடாதா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அவ்விடம் நீயும் உன் வீட்டாரும், ராயகிரி வீரபாண்டியும், கொக்குப்பாறை முருகன் கோயில் ரோப் கார் கோரிக்கைக் குழுவின் இதர அங்கத்தினர்களும் நலமாகவே இருப்பீர்கள். தரையில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை?

நிற்க. இந்த வார்த்தையை எத்தனையோ வருஷமாகக் கடிதங்களில் எழுதி வருகிறேன். நிற்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது நேற்றுதான் தெரிந்தது. வாட்ஸ்அப் இருக்க அத்தான் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். குரூப்பில் போட்டால் வீரபாண்டி பார்ப்பான், வீரபாண்டி பார்த்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்கும். ஆகவே கையால் எழுதி, போட்டோ பிடித்து, உன் ஒருவனுக்கு மட்டும் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை அதிகாரிகள் கொக்குப்பாறையைப் பார்வையிட வருகிறார்கள் அல்லவா? குழுத் தலைவர் என்று என் பெயரை முதலில் போட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவை, செயலாளர் என்ற முறையில் நீ எழுந்து வாசிக்கப் போகிறாய் அல்லவா? வாசிக்காதே. அதிகாரிகளுக்கு மாலை போடு, காபி கொடு, மகாராஜன் கடையிலிருந்து போண்டா வாங்கிக் கொடு, நல்லபடியாகப் பேசி அனுப்பிவிடு. மனுவை மட்டும் வெளியே எடுக்காதே. எங்கள் ஊருக்கு ரோப் கார் வேண்டாம் என்று சொல்லிவிடு. அதற்குப் பதிலாக மலையடிவாரத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கேள். தொட்டி தரையில் இருக்கட்டும்.

ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்று கேட்பாய். காரணம் ஒன்றே ஒன்றுதான். நேற்று நான் ரோப் காரில் போனேன். உடனே அத்தான் பயந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. குருவிகுளம் யூனியன் ஆபீசில் மேனேஜராக இருந்து எத்தனை ஆடிட்டைப் பார்த்தவன் நான், எனக்குப் பயம் கிடையாது. எனக்கு இருப்பது முன்யோசனை. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் அடையாளம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேர்க்கும், நாக்கு வறளும், கால் தானாக ஆடும், அவ்வளவுதான்.

நடந்ததை முறையாகச் சொல்லுகிறேன். மீனா வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, "அப்பா, மலை மேல ஒரு ஜப்பான் கோயில் இருக்கு, ரோப் கார்ல போவோம். நீங்கதான் ரோப் கார் குழுத் தலைவராச்சே, நேர்லயே பாத்துக்கிடலாம்" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "என்ன சாமிட்டி?" என்று கேட்டேன். "மலைதான்ப்பா சாமி" என்றாள். "மலை மேல இருக்க சாமி பேரு என்னன்னுல்லா கேக்கேன்" என்றேன். "மலையேதான் சாமி. இங்க அப்படித்தான் கும்பிடுதாங்க" என்கிறாள். உன் அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப சாமி தலையில மிதிச்சா ஏறிப் போகணும்?" என்று கேட்டாள். "அதுக்குத்தான்ம்மா ரோப் கார். மிதிக்காம போயிரலாம்" என்றாள் மீனா. ஆகா, இது நல்ல பாயிண்டாக இருக்கிறதே, நம் மனுவில் சேர்க்கலாமே என்று அப்போது மகிழ்ந்து போனேன். அந்தப் பாயிண்டையும் சேர்க்காதே.

உன் அக்காள் விடியக்காலம் எழுந்து புளியோதரை கிளறிவிட்டாள். முழங்கால் முட்டில் பட்டியை மாட்டிக்கொண்டு, கைப்பையில் திருநீறு, குங்குமம், ஊரிலிருந்து கொண்டுவந்த புற்றுமண், வேண்டுதலுக்கு உப்பும் மிளகும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டாள். பழம் எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டாம். புது கிரைண்டர் வாங்கினால்கூட அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஸ்விட்சைப் போடவிடுவாள். வரும்போது விமானத்துச் சக்கரத்துக்கு வைக்க முடியவில்லையே என்ற குறை அவளுக்கு இன்னும் தீரவில்லை. "அது பெரிய வண்டி, சக்கரம் எங்க இருக்குன்னே தெரியல. இது சின்ன வண்டிதான, வச்சிரலாம்" என்று கிளம்பினாள்.

மலையடிவாரத்து ஸ்டேஷனில் போய் நின்றால், ஏ அப்பா! ஒரு பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி. கிணற்றுக்குள் வாளியைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு கம்பியில் தொங்குகிறது. கம்பி எங்கே போகிறது என்று பார்த்தேன். மேகத்துக்குள் போகிறது. "ஏட்டி, டிரைவர் எங்க?" என்று மீனாவிடம் கேட்டேன். "டிரைவர் கிடையாதுப்பா" என்றாள். "கண்டக்டர்?" "அவுகளும் கிடையாது." குருவிகுளம் மினி பஸ்ஸுக்கே டிரைவர், கண்டக்டர், கதவில் தொங்க ஒருத்தன் என்று மூன்று பேர் இருக்கிறார்கள் விஸ்வநாதா! மேகத்துக்குள் போகிற வண்டிக்கு ஆளே கிடையாதாம். எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்து இழுப்பார்களாம். அவன் டீ குடிக்கப் போய்விட்டால்?

இதற்குள் உன் அக்காள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏங்க, சக்கரத்தக் காணோம்" என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன். சக்கரம் பெட்டிக்கு மேலே, கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "மேல இருக்க சக்கரத்துக்கு அடியில எப்படிங்க பழம் வைக்க?" என்று கேட்டாள். சக்கரத்துக்கு அடியில் என்றால் கம்பிக்கு மேலே. கம்பிக்கு மேலே என்றால் யாராவது ஏற வேண்டும். மனு எழுதும்போது இந்தச் சிக்கல் நம்மில் ஒருவனுக்காவது தோன்றியதா? வீரபாண்டிக்காவது தோன்றியிருக்கலாம், அவன் டிராக்டர் வைத்திருக்கிறான். கடைசியில் உன் அக்காள், பெட்டிக்கு அடியிலாவது இருக்கட்டும் என்று குனிந்து பழத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

அங்கேதான் வினை. ஜப்பானில் ஒரு பொருள் கீழே கிடந்தால் விடமாட்டார்கள். உடையவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. ஸ்டேஷனில் வெள்ளைக் கையுறை மாட்டிய ஒரு பிள்ளை நின்றது. அது பழத்தைப் பார்த்து, ஓடி வந்து, இரண்டு கையிலும் ஏந்தி, இடுப்பு வரைக்கும் குனிந்து உன் அக்காளிடம் கொடுத்தது. உன் அக்காள் வாங்கி, "தாயி நல்லாருப்பே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பிள்ளை மறுபடியும் எடுத்து வந்தது. இந்தத் தடவை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது. பைக்குள் இருந்தால் நழுவி விழாதாம். "எம்மா, வண்டிக்கு வைக்குத பழம்னு சொல்லு" என்று மீனாவிடம் சொன்னேன். மீனா ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை யோசித்தது, பெட்டியைப் பார்த்தது, பழத்தைப் பார்த்தது, ஏதோ பதில் சொன்னது. "என்ன சொல்லுதாவ?" "வண்டி எலுமிச்சம்பழம் சாப்பிடாதுங்காங்கப்பா" என்றாள் மீனா. மூன்றாம் தடவை உன் அக்காள் ஒளித்து வைத்தபோது மணி அடித்து எங்களை ஏறச் சொல்லிவிட்டார்கள். கதவு சாத்தியது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பழம் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. விமானத்தை விட்டால், எலுமிச்சம்பழம் நசுங்காமல் என் வாழ்க்கையில் நான் ஏறிப் புறப்பட்ட முதல் வண்டி அது.

புறப்படும்போது அந்தப் பிள்ளையும், இன்னும் இரண்டு சிப்பந்திகளும் வரிசையாக நின்று, குனிந்து, நிமிராமல் கும்பிட்டபடியே நின்றார்கள். மீனா மரியாதை என்றாள். நம் ஊரில் ஒரு வண்டி புறப்படும்போது எல்லாரும் வரிசையாக நின்று தலை குனிந்து கும்பிட்டால் அது என்ன வண்டி என்று உனக்குத் தெரியும். உள்ளே இருப்பது யார் என்றும் தெரியும். நான் சங்கரா என்று கண்ணை மூடினேன்.

பெட்டிக்குள் எங்களோடு ஜப்பான் பெரியவர்கள் ஒரு கூட்டமாக ஏறியிருந்தார்கள். எல்லாரும் மலையேறுகிற பூட்ஸ், தொப்பி, முதுகில் பை, பையில் ஒரு மணி. பெட்டி ஆட ஆட மணிகள் கிணுகிணு என்று அடிக்கின்றன. பக்திமான்கள் போல, தீபாராதனை மணி கையோடு கொண்டுவருகிறார்கள் என்று கண்ணை மூடியபடியே சந்தோஷப்பட்டேன். கூரையிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசிக்கொண்டே வந்தது. "என்ன சொல்லுதா?" "இடது பக்கம் ஏரி தெரியும், பாருங்கங்காப்பா." "பாக்க மாட்டேன்னு சொல்லு." "அது டேப்புப்பா." "டேப்பா இருந்தாலும் சொல்லு." உன் அக்காள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாளாம். "ஏங்க, இங்கன வந்து பாருங்களேன், மரமெல்லாம் கொத்தமல்லிக்கட்டு மாதிரி இருக்கு! ஏங்க, ஏரியில படகு போகுதுங்க! ஏங்க, நமக்குக் கீழ பருந்து பறக்குதுங்க!" பருந்து கீழே பறக்கிறதென்றால் நாம் எங்கே இருக்கிறோம் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாளா? மனுவில் "வானில் மிதந்து சென்று வடிவேலனைத் தரிசிக்கும் பேரின்பம்" என்று எழுதினேனே, அந்த மிதந்து என்கிற வார்த்தையை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

பாதி வழியில் பெட்டி நின்றது. சும்மா நிற்கவில்லை, நின்று ஆடியது. அந்தப் பெண் குரல் மறுபடியும் பேசியது. "இப்ப என்ன சொல்லுதா?" "காத்து அடிக்குதாம், கொஞ்சம் நின்னு போகுமாம், மன்னிப்புக் கேக்காங்கப்பா." "எதுக்கு மன்னிப்பு? இன்னும் என்ன செய்யப் போறாவ?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெட்டி மேலே போய்ச் சேர்ந்து கண்ணைத் திறந்தபோதுதான் அது ஒரு ஜப்பான் பெரியவரின் கை என்று தெரிந்தது. வெள்ளைத் தாடி, சிவப்புத் தொப்பி, பாவம் நல்ல மனுஷன். கையை விடுவித்துக்கொள்ளவே இல்லை. மற்றொரு கையால் என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது ஒரு மிட்டாயும் கொடுத்தார். புளிப்பு மிட்டாய்.

கோயில் சின்னது, மரத்தால் கட்டியது. வாசலில் வைக்கோல் புரி முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நான் கும்பிட்டுவிட்டு, முறைப்படி வலம் வரலாம் என்று புறப்பட்டேன். பிராகாரம் என்று ஒன்றும் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனால் அங்கே பூமி முடிந்துவிட்டது. அரைச் சுற்றோடு திரும்பி வந்துவிட்டேன். ஜப்பான் சாமிக்கு அரைச் சுற்று போதும் என்று வைத்துக்கொள். உன் அக்காளோ உப்பையும் மிளகையும் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சன்னதி முன்னால் நின்றவள் நின்றவள்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது. "எத்தன வருசமாச்சுங்க, மலை மேல வந்து சாமி பாத்து. படி ஏறாமலே பாத்துட்டேன்" என்று ஏதோ சொன்னாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு இறங்குவது எப்படி என்ற யோசனை.

யோசித்து முடிவுக்கும் வந்துவிட்டேன். "மீனா, அந்தப் பெட்டியில நான் இனிமே ஏற மாட்டேன். நடந்து இறங்கிருதேன்" என்றேன். பயத்தினால் அல்ல, இயற்கைக் காட்சிகளைப் பார்த்தபடி இறங்கலாமே என்றுதான். மீனா பாதை தொடங்குகிற இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு போர்டு. போர்டில் ஒரு படம். படத்தில் ஒரு கரடி. "இதென்ன, மிருகக்காட்சிசாலையா?" என்று கேட்டேன். "இல்லப்பா, இந்தப் பாதையில கரடி வரும். அதுக்குத்தான் அவுக எல்லாம் பையில மணி கட்டிருக்காங்க. சத்தம் கேட்டா ஒதுங்கிப் போயிருமாம்" என்றாள். தீபாராதனை மணி என்று நினைத்தேனே, அது கரடிக்கு அடிக்கிற மணி! விஸ்வநாதா, என் நிலைமையை நினைத்துப் பார். இந்தப் பக்கம் ஆள் இல்லாத பெட்டி, அந்தப் பக்கம் ஆள் தேடுகிற கரடி. நடுவில் உன் அத்தான்.

"கரடியே தேவலை" என்று நான் உட்கார்ந்துவிட்டேன். மீனா கெஞ்சினாள், கோபப்பட்டாள், கடைசி ரோப் கார் போய்விட்டால் மேலேயே கிடக்க வேண்டியதுதான் என்றாள். அப்போது உன் அக்காள், "எதுக்குச் சண்டை? நம்ம ஊர் முறைப்படி சாமிகிட்டயே கேட்டுருவோம். பொட்டலம் போட்டுப் பாப்போம்" என்றாள். எனக்கும் சரி என்று பட்டது. நம் வீட்டில் மனை வாங்கியது முதல் மீனாவை ஜப்பானுக்கு அனுப்பியது வரைக்கும் எல்லாம் பொட்டலம் போட்டுப் பார்த்துச் செய்ததுதான், ஒன்றும் சோடை போனதில்லை. உன் அக்காள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காகிதத்தைக் கிழித்து, இரண்டு பொட்டலம் மடித்துக் கொண்டுவந்து சன்னதிப் படியில் வைத்தாள். திருநீறு வந்தால் ரோப் கார், குங்குமம் வந்தால் நடை. எடுப்பது யார்? வீட்டு மனுஷர் எடுக்கக் கூடாது. அந்தச் சிவப்புத் தொப்பிப் பெரியவரையே கூப்பிட்டோம். அவர் குனிந்து கும்பிட்டு, ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து, பிரித்தார்.

திருநீறு.

எனக்குக் கண் இருட்டியது. கோயில் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் அதைப் பிரசாதம் என்று எப்படியோ சரியாகப் புரிந்துகொண்டார், என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, சப்புக்கொட்டி, ஏதோ சொன்னார். "ருசியா இருக்காம்" என்றாள் மீனா. உன் அக்காள் "ஐயோ, அப்படி இல்ல அண்ணாச்சி" என்று சொல்லி அவர் நெற்றியில் மூன்று பட்டை போட்டுவிட்டாள். அவ்வளவுதான், பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஜப்பான்காரர்களுக்கு ஒரு வரிசையைப் பார்த்தால் அதில் போய் நிற்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. அந்தக் கூட்டம் முழுக்க ஒருவர் விடாமல் நெற்றியைக் காட்டிப் பட்டை போட்டுக்கொண்டது. இன்னொரு பொட்டலத்தையும் பார்ப்போமே என்று நான் கை நீட்டினேன். உன் அக்காள் வெடுக்கென்று எடுத்துக் கைப்பையில் போட்டு, "ஒண்ணு பிரிச்சா மத்தத பிரிக்கக் கூடாது, சாமி குத்தம்" என்றாள்.

அந்த நேரத்தில் மீனா எடுத்துக் குரூப்பில் போட்ட போட்டோதான் நீ பார்த்தது. அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை உயர்த்தி நிற்கிறேன், பெட்டியை நினைத்துத் தூணைப் பிடித்தபடி. தூண் போட்டோவில் விழவில்லை. அது ஜப்பான் பக்தர்களுக்கு நான் ஆசி வழங்கும் படம் அல்ல. அதைப் போட்டு "வானத்தை அளந்து வரும் தலைவரே வருக" என்று நீயும் வீரபாண்டியும் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வானத்தை அளக்க நான் பார்க்கவே இல்லையே! கண்ணைத் திறந்தால்தானே? ஃப்ளெக்ஸை இன்றைக்கே இறக்கிவிடு.

இறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நினைவு இல்லை. பெரியவர் என் வலது கையையும் அவர் கூட்டாளி ஒருவர் இடது கையையும் பிடித்துக்கொண்டார்கள். மணிகள் கிணுகிணுத்தன. பட்டை போட்ட ஜப்பான்காரர்கள் நடுவில் நான் கோமதி கோமதி என்று சொல்லிக்கொண்டு வர, அவர்களும் மரியாதைக்காகக் கூடவே கோமதி கோமதி என்றார்கள். உன் அக்காள் பழையபடி சன்னலில். கீழே வந்து கதவு திறந்தால், அந்தக் கையுறைப் பிள்ளை எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறது. பழத்துக்கு ஒரு சீட்டுக் கட்டி, எங்கே கிடந்தது, எப்போது கிடந்தது என்றெல்லாம் எழுதி, பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. உன் அக்காள் அதை வாங்கி, என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலில் பிழிந்து, வேண்டுதலில் மிச்சமிருந்த உப்பைப் போட்டுக் குலுக்கி, என் வாயில் ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. முதலில் பேசியது மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்பதுதான்.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், ரோப் கார் நமக்கு ஒத்துவராது. கொக்குப்பாறை என்ன இமயமலையா? கீழே மகாராஜன் போண்டா போட்டால் மேலேயிருந்து அர்ச்சகர் "நாலு எடுத்து வைய்யா" என்று குரல் கொடுக்கிறார். அந்த உயரத்துக்கு ரோப் கார் எதற்கு? யாருடைய யோசனை இது என்று எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை, யாராக இருந்தாலும் யோசிக்காமல் சொன்ன யோசனை. "ரோப் கார் வரும்வரைக்கும் கொக்குப்பாறைப் படியை மிதிக்க மாட்டேன்" என்று தைப்பூசத்தன்று மைக்கில் சபதம் போட்டவர் நீங்கள்தானே என்று வீரபாண்டி கேட்பான். அன்றைக்கு மைக் சரியில்லை என்று சொல்லிவிடு.

உன் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வீரபாண்டிக்கு விசாரிப்பு, விஷயம் சொல்ல வேண்டாம். கோயிலுக்குப் போகும்போது எங்கள் மூவர் பேரிலும் ஒரு அர்ச்சனை செய். நான்காவதாக ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் பேரிலும் செய், பெயர் தெரியாது, அம்பாளுக்குத் தெரியும். எல்லா நலமும் பெற்று, தரையிலேயே நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்,
குரு. கோமதிநாயகம்,
தலைவர் (ராஜினாமா செய்யும் நிலையில்),
கொக்குப்பாறை முருகன் கோயில் ரோப் கார் கோரிக்கைக் குழு.

பி.கு.: கடிதத்தை எழுதி முடித்து, போட்டோ பிடிக்கப் போனில் சார்ஜ் இல்லையே என்று, சார்ஜரைத் தேடி உன் அக்காளின் கைப்பையைத் திறந்தேன். அந்த இரண்டாவது பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. பிரித்தேன். அதிலும் திருநீறு.

உன் அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாமி காரியத்துல இப்படிச் செய்யலாமாட்டி? அந்தக் கரடிப் பாதையில நான் ஒருத்தன் நடந்து வந்திருப்பேன்லா, உனக்கு என்ன வந்துச்சு?" என்று சத்தம் போட்டேன். அவள் முட்டுப் பட்டியைக் கழற்றித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க நடந்தா நான் மட்டும் வண்டியிலயா வருவேன்? நானும்லா கூட நடக்கணும். இந்த முட்ட வச்சிக்கிட்டு எப்படிங்க?" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை விஸ்வநாதா. எலுமிச்சம்பழமும் வீட்டில் இல்லை. நான் நடந்தால் அவளும் நடப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, பார். கொக்குப்பாறைக்கு ரோப் கார் யாருடைய யோசனை என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. முட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "இனிமே முருகன கீழ நின்னுதான் கும்பிடணும் போல" என்று அவள் சொன்னாள். மறுநாள் காலையில்தான் நான் போய் வீரபாண்டியைப் பார்த்து, குழு ஆரம்பித்தது. போண்டாவுக்கு அந்த மலை உயரமில்லை, சரிதான். அவளுக்கு உயரம்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. மனு அப்படியே இருக்கட்டும், என் பெயர் முதலிலேயே இருக்கட்டும், ஃப்ளெக்ஸும் இருந்துவிட்டுப் போகட்டும். திங்கட்கிழமை நன்றாகச் சத்தமாக வாசி. ரோப் கார் வந்ததும் முதல் பெட்டியில் நானே ஏறுகிறேன். ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள். பெட்டிக்கு நாலு பக்கமும் கண்ணாடி வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதும், உன் அக்காள் நிற்கிற பக்கம்.